தலைமாட்டுச் சுவர்

கல்லடியில பைபர் தோணி செய்த நான் சண்டைக் காலத்தில ஒரு காருக்கு உடம்பு செய்தன் எண்டு சொன்னா, கேக்கிறவன் என்னை ஏற இறங்கப் பாப்பான். பாக்கட்டும். செய்தன். ஒண்டே ஒண்டுதான். ஏன் செய்தன் எண்டு நான் என்னையே ஏசாத நாளில்ல. செய்யாட்டி இண்டைக்கு ஒரு பிள்ளை இல்ல எண்டும் தெரியும்.

அந்தக் கார் பெட்டியில துண்டு துண்டா வந்தது. சீமையில வேலை செய்த எங்கட ஊர் எஞ்சினியர் ஐயா ஒருத்தர், சண்டை துவங்கிறதுக்கு முந்தி கப்பலில கொண்டுவந்து தன்ட கையாலேயே பூட்டினவர். ரெண்டு பேர்தான் இருக்கலாம். நிலத்தோட ஒட்டிக்கொண்டு போகும். எஞ்சின் முன்னுக்குமில்ல, பின் மூடிக்குள்ளயுமில்ல; ஓட்டுறவன்ட முதுகுக்குப் பின்னால, நடுவில. சூறாவளிக்குத் தென்னை விழுந்து உடம்பு நொறுங்கிப் போச்சு. இரும்புச் சட்டமும் எஞ்சினும் தப்பிட்டு. மறுகா ஐயா நாட்டை விட்டுப் போகக்குள்ள, தனக்கு வாகனம் திருத்திக் குடுத்த என்ட மச்சானுக்கு அதைக் குடுத்திட்டுப் போனார்.

மச்சான் எண்டா என்ட தங்கச்சிட புருசன். பழுகாமத்தில உழவு மெசினும் தண்ணிப் பம்பும் திருத்துறவன். வாயில்லாப் பூச்சி. அவன் பேசாத பேச்சையும் சேத்து நான்தான் பேசித் தீத்தன்.

அவங்கட முதல் பிள்ளை உழவு மெசின் பெட்டிக்குள்ளயே செத்துப் போச்சு. வாவிக்கு அங்கால, அவங்கட படுவான்கரையில வாகனம் கிடையாது. வயித்துக் குத்து எடுத்தவளை நெல்லு ஏத்துற பெட்டியில வைக்கோல் போட்டுக் கிடத்தி, குண்டும் குழியுமான ரோட்டால புளியந்தீவு ஆசுபத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தாங்க. பாதி வழியில எல்லாம் முடிஞ்சிட்டு. தொண்ணூறுகளுக்கு நடுவில அவள் திரும்பவும் முழுகாம இருந்தாள். அஞ்சாம் மாசம் மச்சான் அந்தச் சட்டத்தை மெசினில கட்டி இழுத்துக்கொண்டு என்ட பட்டறைக்கு வந்தான்.

"மச்சான், இதுக்கொரு உடம்பு செய்து தா. அவள் படுத்துக்கொண்டு வரவேணும்" எண்டான்.

"உனக்கென்ன விசரா? நான் தோணி செய்யிறவன்டா" எண்டு கத்தினன். கத்தினனே தவிர, அவன் போன உடனே சட்டத்தைச் சுத்திச் சுத்தி வந்தன். பழைய உடம்பின்ட படம் ஒண்டு ஐயா விட்டிட்டுப் போன கடுதாசிகளுக்குள்ள கிடந்தது. கூர் மூக்கு, சரிஞ்ச கூரை, பாக்க ஆசையாத்தான் கிடந்தது. ஆனா அதுக்குள்ள ஒரு பிள்ளைத்தாச்சி படுக்க ஏலுமா? படத்தைச் சுருட்டிக் கூரைக்குள்ள செருகினன்.

பட்டறைச் சீமெந்து நிலத்தில சோக்கட்டியால முழு அளவில கீறினன். தோணிக்கும் அப்பிடித்தான் கீறுவன். எங்க கிடத்திறது எண்டுதான் பெரிய தலையிடி. எஞ்சினுக்கு மேல பலகை போட்டா வெந்து போவாள். அதுக்குப் பின்னால ஒரு சாக்கு வைக்கவும் இடமில்ல. கடைசியில இடப்பக்க இருக்கையைக் கழட்டி எறிஞ்சிட்டு, கால் மூக்குக்குள்ளயும் தலை எஞ்சின் பக்கமும் வாற மாதிரிக் கீறினன். தலையை மூக்குக்குள்ள விட்டா மூச்சு முட்டும். கூரையை ஒரு முழம் உசத்தினன். இடப்பக்கம் முழுக்க ஒரே கதவு, தூக்கித் திறக்கிறது.

கிளினிக்குக்கு வந்த தங்கச்சி அந்தச் சோக்கட்டிக் கோட்டுக்குள்ள படுத்து அளவு குடுத்தாள். பெரிய வயித்தோட சீமெந்தில கிடந்துகொண்டு சிரி சிரியெண்டு சிரிச்சாள்.

"கால் முட்டுது அண்ணன். மூக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுங்க."

ஒரு சாண் நீட்டினன். அவள் தலையைத் திருப்பி எஞ்சின் கீறியிருந்த இடத்தைப் பாத்தாள். "தலைமாட்டில சூடு வராதா?"

"வராது. அதுக்கு நான் பொறுப்பு" எண்டன்.

அதுக்காகத்தான் அந்தச் சுவர். எஞ்சினுக்கும் அவள்ட தலைக்கும் நடுவில ரெண்டு பைபர் தகடு. இடையில நாலு விரல் இடைவெளி. அதுக்குள்ள தேங்காய்த் தும்பு அடைக்கிறது. மச்சானுக்கு அதைக் காட்டினன். அவன் குந்தியிருந்து அந்த இடைவெளிக் கோட்டில விரலை வச்சுப் பாத்தான்.

"ஒரு தகரத்தை அடிச்சு, அதில நனைச்ச சாக்கைத் தொங்கவிட்டாக் காணாதா?"

"அடுப்பங்கரையிலயா என்ட தங்கச்சியைப் படுக்க வைக்கப் போறாய்?" எண்டு பாஞ்சன்.

"அதில்ல மச்சான். உள்ளுக்கு வெறுமையா எதைக் கண்டாலும் ரோட்டில சென்றி போட்டு நிக்கிற ஆமிக்காரங்களுக்குப் பயம். ஒளிச்சுக் கடத்திற இடமெண்டு நினைப்பாங்கள். பயந்தவன் உடைப்பான்." அவன் ஒரேயடியா அவ்வளவு பேசினதை நான் கண்டதில்ல. மறுகா அவனே இறங்கி வந்தான். "சரி, சுவரைக் கட்டு. ஒரு கை போற அளவில மூடி ஒண்டு மட்டும் வை. கேட்டாத் திறந்து காட்டலாம்."

"ஓம், வைக்கிறன்" எண்டன்.

வைக்கல்ல. ஓட்டை போட்டா எஞ்சின் புகை உள்ளுக்கு வரும் எண்டு எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டன். உண்மை அதில்ல. அந்தச் சுவர் அவ்வளவு வழுவழுப்பா வந்திட்டு. காஞ்ச பிறகு விரல் முட்டியால தட்டிப் பாக்கிறது எங்கட வழக்கம். எங்கயாவது காத்து நிண்டா சத்தம் மாறும். ரெண்டு தகட்டையும் தனித்தனியாத் தட்டிப் பாத்தன், ஒரு பிழையில்ல. அதில ஓட்டை போட மனம் வரல்ல. வீம்பு, வேறென்ன.

மச்சான் வந்து சுவரைத் தடவிப் பாத்தான். "மூடி எங்க?"

"மூடியுமில்ல கீடியுமில்ல. புகை வரும். என்ட தொழிலை எனக்கு நீ படிப்பிக்காத."

அவன் கையைத் துடைச்சுக்கொண்டு எஞ்சின் பக்கம் போனான். அப்பவாவது ரெண்டு தூசணம் சொல்லி என்ட சட்டையைப் பிடிச்சிருக்கலாம். அப்பிடிச் செய்யிற ஆள் இல்லையே அவன்.

ஒன்பதாம் மாசம் காரைப் பழுகாமத்துக்குக் கொண்டு போனம். படுவான்கரைக்குப் போற பாலத்தடிச் சென்றியில நிண்டவங்கள் அதைப் பாத்துச் சிரிச்சாங்களே தவிர, கையும் வைக்கல்ல. "பாத்தியா, மூடியாம் மூடி" எண்டு மச்சானைக் கிண்டல் பண்ணினன். ஊருக்குள்ள பெண்டுகள், "கல்லடியான் தோணிக்குச் சில்லுப் பூட்டிட்டான் கா" எண்டு வாயைப் பொத்திச் சிரிச்சாளுகள். எனக்குப் பெருமைதான். நாள் கிட்டினதால நானும் அங்கேயே நிண்டன்.

ஒரு நாள் காலம்பற குத்து எடுத்திட்டு. தங்கச்சியைத் தூக்கிக் கிடத்தினம். எனக்கு இருக்க இடமில்ல. பின் மூடிக்கு மேல ஏறிக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். எனக்குக் கீழ கொதி கொதியெண்டு கொதிச்சுது. ஓடிக்கொண்டிருக்கக்குள்ள மச்சான் ஒரு கையை எடுத்து அவள்ட தலைமாட்டுச் சுவரில வச்சுப் பாத்தான்.

"அண்ணன், சூடே இல்ல" எண்டு உள்ளுக்கிருந்து கத்தினாள்.

பாலத்தடியில மறிச்சாங்கள். அண்டைக்குப் புது ஆள். நாங்கள் ரெண்டு பேரும் இறங்கிக் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டம். அவள் இறங்க ஏலாது எண்டு மச்சான் தனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில கெஞ்சினான். வந்தவன் கதவைத் தூக்கி, மூக்கைத் தட்டினான், கூரையைத் தட்டினான், மறுகா குனிஞ்சு அந்தச் சுவரைத் தட்டினான். விரல் முட்டியால, நான் தட்டுற மாதிரியே. சத்தம் மாறிச்சு. திரும்பவும் தட்டினான்.

திறக்கச் சொன்னான். எதைத் திறக்கிறது? உள்ளுக்குத் தும்புதான் கிடக்கு எண்டு மச்சான் சொல்லச் சொல்ல, இன்னொருத்தன் இரும்பு அலவாங்கு கொண்டு வந்தான். என்ட தங்கச்சிட தலையில இருந்து ஒரு சாணுக்கு அங்கால, ரெண்டு தகடும் துளைபடக் குத்தினாங்கள். அவள் குழறின குழறல் இன்னும் என்ட காதுக்குள்ள கிடக்கு. தும்பு கொட்டிச்சு. அவள்ட முகத்திலயும் கொட்டிச்சு. வேற ஒண்டுமே இல்ல.

அதோட விட்டிருக்கலாம். விடல்ல. இண்டைக்குத் தும்பு, நாளைக்கு என்னத்தை அடைப்பாய் எண்டு கேட்டான். அதுக்குப் பிறகு, "கவுத ஹெதுவே?" எண்டான். ஆர் செய்தது எண்டு.

எனக்கு விளங்கிச்சு. வாய் திறந்தா ஒரு சொல்லுத்தான். ஊரெல்லாம் கேக்கக் கத்துற நான், தூக்கின கையை இன்னும் உசத்திக்கொண்டு நிலத்தைப் பாத்தன். மச்சான் என்னைத் திரும்பியும் பாக்கல்ல.

"மம" எண்டான். நான்தான் எண்டு.

விசாரிச்சிட்டுப் பின்னேரம் விடுறம் எண்டாங்கள். மச்சான் சாவியை என்ட கையில வச்சான். "கெதியாப் போ. கிளச் இறுக்கம், பாத்து மிதி." அதுதான் அவன் என்னோட கடைசியாப் பேசினது.

ஓட்டினன். உடைஞ்ச ஓட்டையால எஞ்சின் சூடும் புகையும் நேரா அவள்ட தலையில அடிச்சுது. சீலைத் தலைப்பால முகத்தை மூடிக்கொண்டு, "அவர் வந்திருவார் என்ன, அண்ணன்? வந்திருவார் என்ன?" எண்டு கல்லடிப் பாலம் தாண்டும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். மத்தியானத்துக்கு முந்தி பொம்பிளைப் பிள்ளை பிறந்தது. பின்னேரம் அவன் வரல்ல. அடுத்த நாளும் வரல்ல. நானும் தங்கச்சியும் கைக்குழந்தையோட ஏறி இறங்காத வாசலில்ல. எல்லா வாசலிலயும் அப்பிடி ஒரு ஆளே இல்ல எண்டாங்கள்.

அவள் அந்த "மம"வை உள்ளுக்குக் கிடந்துகொண்டே கேட்டவள். அதையே நம்பினாள். உங்கட அப்பா எனக்குச் சூடு படக்கூடாதெண்டு தன்ட கையால கட்டின சுவர் அது எண்டு சொல்லிச் சொல்லியே மகளை வளத்தாள். முதல் தரம் அதைக் கேக்கக்குள்ளேயே நான் மறுத்திருக்க வேணும். புருசனைத் துலைச்சவளிட்ட எப்பிடிச் சொல்லுற எண்டிருந்தன். மறுகா பிள்ளை பள்ளிக்கூடம் போனாள், பெரியவளானாள், வேலைக்கும் போறாள். நான் வாய் திறக்கல்ல. மற்ற எல்லாத்துக்கும் கத்திக்கொண்டுதான் திரியிறன்.

அந்த உடம்பு இன்னும் என்ட பட்டறைக்குப் பின்னால கவிண்டு கிடக்கு. போன மாசம் தங்கச்சிட மகள், என்ட மருமகள், வந்து அதை நிமித்தச் சொன்னாள். ரெண்டு பேருமாப் புரட்டினம். அலவாங்கு போட்ட ஓட்டைக்குள்ள கையை விட்டு, மிச்சமாக் கிடந்த தும்பைக் கொஞ்சம் இழுத்தெடுத்துப் பாத்தாள். அப்பா இதை எப்பிடிச் செய்தவர் எண்டு கேட்டாள். எத்தனை பூச்சு, எவ்வளவு கனம், தும்பை எப்பிடிக் காயவச்சது எண்டு எல்லாத்தையும் ஒண்டும் விடாம அவனே செய்த மாதிரிச் சொன்னன்.

அவள் ஓட்டையின்ட விளிம்பைத் தடவிக்கொண்டு கேட்டாள். "இதில சின்ன மூடி ஒண்டு வச்சிருந்தா உடைச்சிருக்க மாட்டாங்கதானே, மாமா? அப்பாக்கு ஏன் அந்த யோசனை வரல்ல?"

"அவசரத்தில மறந்திருப்பான்" எண்டன்.

அவள் தும்பைத் திரும்பவும் உள்ளுக்கு வச்சாள். "பாவம் அப்பா" எண்டாள்.