பேர்ணடெட்டின் பிக்கப்பில் ஏறிய பழங்கார்

யாழ்ப்பாணம் குருநகர் சூசைப்பிள்ளையின் மூத்த மகள் பேர்ணடெட்டுக்கு இந்த உலகத்தில் சகிக்காதவை பல உண்டு. ஆறிப்போன சோறு, எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த துவாய், காரணமில்லாமல் பல்லைக் காட்டுகிற ஆண்பிள்ளை. தொண்ணூற்றாறாம் ஆண்டு அந்த வரிசையில் ஒரு காரும் வந்து சேர்ந்தது.

வீடு நியூசிலாந்தில், ஓக்லாந்தின் மங்கரேயில். ஓக்லாந்துத் தமிழருக்குள் கலியாணமென்றாலும் செத்தவீடென்றாலும் கிடாரம் அவளுடைய அடுப்பில்தான் ஏறும். சமைத்ததை ஏற்றிப்போக பின்னால் திறந்த பெட்டி உள்ள ஒரு சின்ன ஜப்பான் பிக்கப் வைத்திருந்தாள். அவளுடைய உழைப்பில் வாங்கியது, அவள் பேரில் பதிந்தது.

புருசன் நிக்கலஸுக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ட்ரெய்லர் செய்கிற இடத்தில் வெல்டிங் வேலை. அவன் பிறத்தியான் இல்லை, சொந்த மாமி மகன்தான். அந்த மாமியின் புருசனும் ஓடாத மோட்டரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியே சீவனை விட்டவர். இரத்தத்தில் வந்த வியாதி, யாரை நோவது?

வெலிங்டனில் தங்கச்சி றோஷினிக்குப் பிள்ளை பிறந்தது. பத்தியக்கறி காய்ச்சிக்கொடுக்க பேர்ணடெட் போனாள். திரும்பி வந்து பார்த்தால் முற்றத்தில் பிக்கப்புக்குத் தலையும் இல்லை, முதுகும் இல்லை. நாலு சில்லு, ஒரு என்ஜின், நடுவே இரண்டு நீட்டு இரும்பு. தோல் உரித்த ஆடு மாதிரிக் கிடந்தது.

"என்னப்பா இது?"

"கத்தாதை. அடிச்சட்டம் அப்பிடியே உன்ரதுதான். என்ஜினும் அதுதான். மேலை மட்டும் மாத்திறன்."

மேலே ஏறப்போவது கொட்டிலுக்குள் நின்றது. முப்பதுகளில் செய்த ஃபோர்ட் காரின் வெறும் உடம்பு. ஒரு வெள்ளைக்காரனின் வைக்கோல் கொட்டகையில் கிடந்ததாம். துரு உதிர்ந்தது, ஆசனத்துக்குள் எலி செத்து நாறியது. அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

"ஹாட் ராட் எண்டு சொல்லுறது. பழைய வடிவு, புது ஓட்டம். பிரேக் பிடிக்கும், பார்ட்ஸ் எங்கையும் எடுக்கலாம்."

"ஊரிலை சண்டைக்குள்ளை பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை ஓடின கிழட்டுக் காருக்குள்ளை அந்த மணத்துக்குச் சத்தி எடுத்து எடுத்துப் போய் வந்தனான். வழியில்லாத சனம் செய்த வேலையை நீங்கள் இங்கை ஆசைக்குச் செய்யிறியள். தூ!"

அவளுடைய பயம் வேறு. சித்தப்பாவின் மகள் சுதர்ஷிகாவின் தலைப்பிள்ளைக்கு ஒனிஹங்காவில் ஞானஸ்நானம் வருகிறது. சாப்பாடு தான் தருவதாகச் சொல்லியாயிற்று. சித்தப்பா பகுதியாரோ, சோறு பிந்தினால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுகிற சனம்.

"அதுக்கு முதல் ஓடும்," என்று நிக்கலஸ் மாதா மேல் சத்தியம் பண்ணினான்.

சட்டம் நீளம், உடம்பு கட்டை. ஆகவே சட்டத்தை வெட்டி ஒட்டினான். நெருப்புப் பொறி பறந்து கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பெல்லாம் பொத்தலாயிற்று. அவள் அவனோடு கதைப்பதை விட்டாள். சோற்றைக் கோப்பையில் போட்டு மேசையில் தள்ளுவாள், அவ்வளவுதான்.

ஆனால் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். வாகனப் பரிசோதகரும் பார்த்துச் சரி சொன்னார். ஞானஸ்நானத்தன்று காலை, செக்கச்செவேலென்று கார் வாசலில் வந்து நின்றது. பேர்ணடெட் சுற்றிவரப் பார்த்தாள்.

"கிடாரம் எங்கை வைக்கிறது?"

நிக்கலஸ் டிக்கியைத் திறந்து பார்த்தான். எல்லாவற்றையும் யோசித்தவன் அதை மட்டும் யோசிக்கவில்லை. முன்னால் இரண்டு பேர் இருக்கலாம். பின்னால் டிக்கிக்குள் ஒரு தாச்சியே கொள்ளாது. நிக்கலஸின் கூட்டாளி அன்றூவின் சாமான் வானைக் கேட்கலாமென்று ரெலிபோன் எடுத்தால், அது விடியவே விமான நிலையத்துக்குச் சாமான் ஏற்றப் போய்விட்டது.

"டிக்கி மூடியைக் கழட்டுங்கோ."

"பெயின்ற் இன்னும் இறுகேல்லையப்பா..."

"கழட்டுறியளோ, நான் கோடாலி எடுக்கவோ?"

கழற்றினான். கிடாரங்கள் பாதி உள்ளே, பாதி வெளியே. கயிறு போட்டு இறுக்கினார்கள். மங்கரேப் பாலத்தில் ஏறும்போதே ஆட்டிறைச்சிக் குழம்பு ததும்பி, சிவப்புப் பெயின்றில் மஞ்சளாய் வழிந்தது. நிக்கலஸ் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து முனகினான். அவளோ பின்னால் திரும்பி, ஒரு கையால் கிடாரத்து மூடியை அமத்திப் பிடித்தபடியே போனாள்.

சுவாமியார் கடைசிச் செபம் சொல்லும்போது போய்ச் சேர்ந்தார்கள். சோறு சூடாக இருந்தது. ஆனால் கோவிலால் வந்த சனம் மண்டபத்துக்குள் போகவில்லை; காரைச் சுற்றிக்கொண்டது.

"அத்தான், என்ன வடிவு! இதிலை பிள்ளையை வைச்சுப் படம் எடுப்பம்," என்றாள் சுதர்ஷிகா. இப்போதுதான் தலையில் தீர்த்தம் விழுந்த பிள்ளை பொனற்றில் ஏறியது. "பேர்ணி அக்கா, குடுத்து வைச்சனீங்கள்," என்றது இன்னொன்று. குழம்பு நல்லாயிருக்கு என்று ஒரு வாய் சொல்லவில்லை. குழம்பைத் தொட்டால்தானே சொல்வதற்கு! ஆவி அடங்கிக்கொண்டு வந்தது.

பேர்ணடெட் அகப்பையை எடுத்துக் கிடாரத்து மூடியில் நாலு அடி அடித்தாள். "சாப்பிட வாறியளோ, இல்லாட்டி அந்தத் தகரத்தை வெட்டிக் கோப்பையிலை போடவோ?"

சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறிக்கொண்டிருந்த சோற்றை அள்ளி அள்ளிப் போட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது நிக்கலஸ் உச்சி குளிர்ந்துபோயிருந்தான். "சனம் பாத்ததைக் கண்டனியே?"

"கண்டனான். நாளைக்குப் பின்பக்கத்தை வெட்டுங்கோ."

"எதை?"

"கதவுக்குப் பின்னாலை இருக்கிற முழுவதையும். பெட்டி ஒண்டு அடியுங்கோ. அடியிலை பிக்கப் எண்டால் மேலையும் பிக்கப்பாய் இருக்கட்டும். வாற சனிக்கிழமை, போன மாசம் செத்த குலசிங்கத்தாற்றை முப்பத்தொண்டாம் நாள் சாப்பாடு."

"வடிவு கெட்டுப்போகும், பேர்ணி."

"கெடட்டும். எனக்குக் கிடாரம் போகவேணும்."

மறுநாள் பூசை முடிந்து வந்து வெட்டினான். தகரம் அறுபடுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. கண்ணுக்குப் போட்ட கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தான். தூசு என்று சொன்னான். அவள் உள்ளே போய் இருக்கிறதிலேயே பெரிய கிடாரத்தை உருட்டிக்கொண்டு வந்து, வெட்டின இடத்தில் தூக்கி வைத்துப் பார்த்தாள்.

"காணாது," என்றாள். "இன்னும் நாலு விரல் அகலம் வேணும்."