ஆறு தடவையும் பூ

எங்கள் பஸ் டிப்போவின் டைம்கீப்பருக்கு 'பூவா தலையா' என்றுதான் பெயர். ஒரு பஸ்ஸுக்கு இரண்டு டிரைவர்கள். ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஓடவேண்டும் என்பதால் விடுமுறை ஒருவருக்குத்தான். சனிக்கிழமை மதியம் இருவரையும் மேசை முன்னால் நிறுத்தி, காசைச் சுண்டிவிடுவார். பத்தொன்பது வருடமாக இதே வழக்கம். காக்கா பிடிப்பது, சிபாரிசு எதுவும் அவரிடம் பலிக்காது. மேனேஜரின் மச்சானே மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறான். மனுஷருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டும் அக்கா தொடர்ந்து ஆறு சனிக்கிழமை தோற்றாள். எப்போதும் தலைதான் கேட்பாள். ஆறு தடவையும் பூ. விடுதியில் தங்கிப் படிக்கும் மகளை ஞாயிறன்று மட்டும்தான் பார்க்க விடுவார்கள். ஒன்றரை மாதமாகப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. கூட ஓட்டுபவரோ கிடைத்த ஞாயிறையெல்லாம் தூங்கியே தீர்த்தார்.

ஏழாவது சனிக்கிழமை, மெக்கானிக்குகள் நாங்கள்தான் "காசுல ஏதோ கோளாறு" என்று கிளப்பிவிட்டோம். டைம்கீப்பருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. எல்லார் முன்னாலும் நூறு தடவை சுண்டினார். நான் கோடு போட்டு எண்ணினேன். தலை நாற்பத்தேழு, பூ ஐம்பத்துமூன்று.

"பாத்தீங்களா? ஆறு தடவை சுண்டுனா அறுபத்துநாலு விதமா விழலாம். ஆறும் பூவா விழறது அதுல ஒண்ணு. ஆளுக்கு மூணுன்னு சரிபாதியா விழறதே இருபதுதான், மூணுல ஒரு பங்குகூட இல்ல. நம்மகிட்ட முப்பது பஸ் ஓடுது. யாராவது ஒருத்தர் இப்படி மாட்டுறது பெரிய அதிசயமில்ல."

"அப்போ இந்தத் தடவை எனக்குத்தானே விழும்ண்ணே?" என்று அக்கா கேட்டாள்.

"அப்படியில்லம்மா. இப்பவும் பாதிக்குப் பாதிதான். போன தடவை என்ன விழுந்துச்சுன்னு காசுக்கு ஞாபகம் இருக்காது."

அக்கா குரலை உயர்த்தவில்லை. "காசுக்கு இருக்காதுண்ணே. உங்களுக்கு இருக்கும்ல?"

காசில் கோளாறு தேடிய எனக்கே வெட்கமாகிவிட்டது. அவர் டியூட்டி நோட்டை இழுத்து, விடுமுறைக் கட்டத்தில் அக்காவின் பெயரை எழுதினார்.

"சார், இன்னும் சுண்டவே இல்லையே!" என்று கூட ஓட்டுபவர் பதறினார்.

"சுண்டல. இது நான் குடுக்கிறது. திட்டணும்னா என்னைத் திட்டு."