மேலே ஒயில், கீழே தண்ணீர்

ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும், ஆறிப்போன பால்தேத்தண்ணியின் ஆடை போல மண்ணிறப் பிசின் ஒட்டிக்கொண்டு வந்தால் எந்த மெக்கானிக்கும் ஒன்றைத்தான் சொல்வான்: எஞ்சினுக்குள் ஒயிலையும் தண்ணீரையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். யோகனுடைய வேன் மட்டும் என்னைப் போட்டு வதைத்தது.

அப்போது நான் கொட்டாஞ்சேனையில் நிஸாம் நானாவின் கராஜில் வேலை செய்துகொண்டிருந்தேன். யுத்த காலம். அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, வேலைக்கு வந்து சேரும்போதே பாதி நாள் வேலை செய்த களைப்பு வந்துவிடும். யோகன் சாவகச்சேரிக்காரன். வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்துகொண்டு, அங்கிருந்து கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் டீசல் வேன் ஓட்டினான். வடக்கிலிருந்து வந்து தங்குபவர்கள் பொலிஸில் பதிய வேண்டும். என்ன காரணத்துக்காகக் கொழும்பில் இருக்கிறாய் என்று கேட்பார்கள். யோகனிடம் சொல்வதற்கு இருந்த ஒரே காரணம் அந்த வேன்தான். அது ஓடாவிட்டால் அவன் ஊரில் இருக்க வேண்டியவன், அல்லது உள்ளே இருக்க வேண்டியவன்.

எங்களிடம் வருமுன்பே வேறொரு கராஜில் இரண்டு தடவை கேஸ்கட் மாற்றியிருந்தார்கள். பிறகும் ரேடியேட்டரில் ஒயில். பெற்றோர்கள் பொறுமையிழந்து வேறு வேன் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் ஒயிலைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஒயில் கூலரைக் கழற்றி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. முழு சிஸ்டத்தையும் சவர்க்காரத் தூள் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, கராஜிலேயே ஓடவிட்டு வைத்தேன். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. கொண்டுபோனான். அடுத்த வாரமே அதே பிசினோடு வந்து நின்றான்.

"ஹெட்டக் கழட்டிப் போட்டுப் பாருங்களேன் பாஸ். வேற என்ன செய்யிற?" என்றார் நிஸாம் நானா, மெக்கானிக்குகளை அழைக்கும் வழக்கப்படி என்னை பாஸ் என்று கூப்பிட்டு.

ஹெட்டை இறக்கினால் வேன் எப்படியும் இரண்டு வாரம் படுத்துவிடும். யோகன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் அலுத்துப்போயிருந்தது. சும்மா போய், எஞ்சின் ஒயிலின் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஒயில் நான் ஊற்றிவிட்ட அதே அளவில், அதே கோட்டில் நின்றது. எஞ்சின் ஒயில் தண்ணீருக்குள் போயிருந்தால் இங்கே குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அப்படியென்றால் தண்ணீரில் இருப்பது இந்த எஞ்சினுடைய ஒயிலே இல்லை. வெளியிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து வருவதற்கு ரேடியேட்டரில் இருப்பது ஒரே வாய்.

ஹெட்டில் கை வைக்க வேண்டாம் என்று நானாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலை வெள்ளவத்தைக்குப் போய் யோகனின் வேனில் ஏறிக்கொண்டேன்.

காலி வீதியில் செக் பொயின்டில் மறித்தார்கள். ஒரு ஆமிக்காரன் சீட்டுக்குக் கீழே குனிந்து ஒயில் கலன் ஒன்றை இழுத்தெடுத்தான். மூடியைத் திறந்து, விரலை விட்டு, மணந்து பார்த்தான். விரலில் ஒயில். வேனின் கதவிலேயே துடைத்துவிட்டு, போகச் சொன்னான். பிள்ளைகளை இறக்கிய பிறகு, எஞ்சின் ஆறும்வரை யோகன் காத்திருந்தான். பிறகு அதே கலனை எடுத்து ரேடியேட்டருக்குள் சரித்தான். முதலில் கொஞ்சம் ஒயில் விழுந்தது, பிறகு போனதெல்லாம் பச்சை நிறத் தண்ணீர்.

என் முகத்தைப் பார்த்து அவனே கலனைக் கீழே வைத்தான்.

"மேல கொஞ்சம் ஒயில் விட்டு வச்சிருக்கிறன் அண்ணை. கீழ தண்ணிதான்."

முன்பு அவன் வெள்ளைக் கலனில்தான் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறான். ரேடியேட்டருக்கென்று பச்சைக் கூலன்ட் கலந்த தண்ணீர். ஒருநாள் செக் பொயின்டில் வெடிமருந்தோ என்று சந்தேகப்பட்டு, அதென்ன என்று கேட்டு, "பீலா பென்னண்ட" என்றிருக்கிறான் ஒருவன் சிங்களத்தில், குடித்துக் காட்டச் சொல்லி.

"கூலன்டை எப்பிடி அண்ணை குடிக்கிறது? நஞ்சு. ஏலாதெண்டன். மத்தியானம் வரைக்கும் வெயிலுக்குள்ள இருத்திப் போட்டாங்கள். பிள்ளையள் வேனுக்குள்ள இருந்து அழுதுகொண்டு."

ஒயில் கலனை யாரும் கேள்வி கேட்பதில்லை. வேனில் ஒயில் இருப்பது வழக்கம்தானே. திறந்து பார்த்தாலும் ஒயில் மேலே மிதக்கும். அதனால் குறையக் குறைய மேலே ஒயில் விட்டு வந்திருக்கிறான். சரிக்கும்போது முதலில் விழுவது அந்த ஒயில்தான். அதில் ரப்பர் ஹோஸ்கள் ஊதிப் பதமிழந்து கசிந்தன. கசியக் கசிய அவன் இன்னும் தண்ணீர் விட்டான், தண்ணீரோடு ஒயிலும் போனது. இவ்வளவு செய்யும் என்று அவன் நினைக்கவே இல்லை. முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "ஒளிச்சு வச்சிருக்கிறன் எண்டு ஆரிட்டைச் சொல்லுறது?" என்றான்.

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. என் பையில் பிரஷர் கேஜும் வயர்த் துண்டுகளும் இருந்தன. பஸ்ஸில் வரும்போது, செக் பொயின்டில் கண்ணில் படாதபடி, அவற்றுக்கு மேலே சோற்றுப் பார்சலை வைத்துக் கொண்டுவருபவன் நான்.

அன்றே ஹோஸ் முழுவதையும் மாற்றினேன். இருந்த ஒயில் போகும்வரை கழுவினேன். கசிவு நின்றது. ஆனாலும் வேனில் ஒரு கலன் தண்ணீர் இல்லாமல் ஓட அவனுக்கு மனம் வரவில்லை. அப்படியானால் வெள்ளைக் கலனையே வை, ஆனால் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, நீ குடிக்கிற தண்ணீரை மட்டும் அதில் வை, கூலன்டை என்னிடம் வந்து ஊற்றிக்கொள் என்றேன்.

பிறகு ஒரு நாள் சர்வீஸுக்கு வந்தான். வேனில் முன்பிருந்த பிள்ளைகள் எல்லோரும் இன்னும் இருந்தார்கள், பொலிஸ் பதிவையும் புதுப்பித்திருந்தான். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னான்.

"போன கிழமை திரும்பக் கேட்டவங்கள் அண்ணை, குடிச்சுக் காட்டச் சொல்லி. பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குதுகள். குடிச்சன். விட்டிட்டாங்கள்."

நல்ல செய்தியாகத்தான் சொன்னான். நான் எழுந்து போய் அந்தக் கலனைக் கழுவி, எங்கள் குடிதண்ணீர்ப் பானையிலிருந்து நிரப்பிக் கொடுத்தேன்.

இன்றுவரை வாகனக்காரர்களுக்கு அதையே சொல்லி வருகிறேன்: வண்டியில் வைத்திருக்கும் தண்ணீர் குடிக்கக்கூடியதாக இருக்கட்டும். இளம் மெக்கானிக்குகள் ஏன் என்று கேட்டால், ரேடியேட்டரில் ஊத்தை படியாது என்பேன். அதுவும் உண்மைதான்.