திருச்சியிலிருந்து கொழும்பு: ஆகாய வழியில் 285 மைல்

திருச்சியில் இப்போது விமானம் வந்து போகிறது. நாமும் ஏறிப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற ஆவணியில் நான் ஏறியது ஆசையால் அல்ல, வேறு வழி இல்லாததால்.

என் தம்பி சுந்தரத்துக்குக் கொழும்பில் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம். வீட்டார் எல்லாரும் புதன்கிழமையே போட் மெயிலில் கிளம்பிவிட்டார்கள். மலைக்கோட்டை ஆசாரி காய்ச்சலில் படுத்ததால் தாலி முடியவில்லை. மறுநாள் ரயிலில் அதை நான் கொண்டுவருவதாக ஏற்பாடு. ஆனால் வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் தாலி கைக்கு வந்தது. ரயில் காலையிலேயே போய்விட்டது. அடுத்த ரயிலைப் பிடித்துக் கப்பல் மாறிப் போனால் சனிக்கிழமைதான் கொழும்பு. தாலியும் இங்கே, முடிச்சுப் போட வேண்டிய நாத்தனாரான நானும் இங்கே!

புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அட்லஸில் நூல் வைத்து அளந்தேன். நேர்கோட்டில் 285 மைல்தான். அன்று மதியம் கொழும்புக்குத் தபால் விமானம் உண்டு என்பதும் தெரியும். பன்னிரண்டரைக்கு ஜட்கா பிடித்தேன். ஐந்து மைல், ஒன்று இருபதுக்கு விமான நிலையம்.

"ஒரு இடம் இருக்கும்மா. ஆனா தபால் மூட்டை போக நூத்தி முப்பது பவுண்டுதான் ஏத்தலாம்" என்றார் குமாஸ்தா.

பெட்டியோடு தராசில் ஏறினேன். நூற்று ஐம்பத்தொன்று.

"பெட்டி இல்லாம?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"நூத்தி இருபத்தெட்டு."

பட்டுப்புடவைகள், நகை, பலகாரம் எல்லாம் அந்தப் பெட்டியில்தான். ஒரு நிமிஷம் கண் கலங்கியது. பிறகு தாலியை மட்டும் எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டேன்.

"பெட்டிய வீட்டுல சேத்துடுறேன், நீங்க தைரியமா போயிட்டு வாங்கம்மா" என்றார் ஜட்காக்காரர்.

டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். என் இரண்டு மாதச் சம்பளம்! இரண்டு பத்துக்கு விமானம் கிளம்பி ஒரு வட்டம் அடித்தது. கீழே ஸ்ரீரங்கத்து மதில்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிந்தன. இருபுறமும் காவிரியும் கொள்ளிடமும். கைகூப்பினேன். கடல் வந்தபோது பயந்து கண்ணை மூடியவள், பச்சைத் தென்னந்தோப்புகள் தெரிந்த பிறகுதான் திறந்தேன். நாலு ஐம்பத்தைந்துக்குத் தரை தொட்டோம்.

கல்யாண வீட்டு வாசலில் தம்பி வாடிப்போய் நின்றான். தாலி தயாரில்லை என்று காலையில் நான் கொடுத்த தந்தி அவன் கையில்.

"அக்கா! எப்படி வந்தே?"

"பறந்து வந்தேன்டா!" என்று தாலியை எடுத்துக் காட்டினேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு, சம்பந்தியம்மாளிடம் இரவல் வாங்கிய புடவையில், மூன்றாம் முடிச்சை நானே போட்டேன். அன்று மேளச் சத்தத்தைவிட என் சிரிப்புச் சத்தம்தான் அதிகம் என்றார்கள்.

போகிறவர்களுக்கு: முன்கூட்டியே எழுதி இடம் பிடியுங்கள். உங்கள் எடையைத் தெரிந்துகொண்டு பெட்டி கட்டுங்கள். வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். இன்ஜின் இரைச்சலுக்குக் காதில் பஞ்சு அவசியம். கடல்மேல் பயம் வரும், எனக்கும் வந்தது. அதற்காக ஏறாமல் இருந்துவிடாதீர்கள், பெண்கள் முக்கியமாக.