சத்தம் போட்டது யார்

குளியலறைக் கறைக்கு ஆசிட் ஊற்றினேன். போகவில்லை. அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் கொட்டினேன். குப்பென்று கிளம்பிய புகை மூச்சை அடைத்தது. சாயங்காலத்துக்குள் இருமல் இளைப்பாக முற்றி, சங்கரன்கோவிலிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் மாட்டிக் கிடந்தேன். ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது மாதிரி இருந்தது. பயந்துபோயிருந்தேன்.

மறுநாள் டாக்டர் என் மாமனாரிடம் விளக்கினார். மாமனாருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"புகையால நுரையீரல் கொஞ்சம்தான் புண்ணாச்சு ஐயா. ஆனா அங்கன இருக்க ரிசெப்டர் ஆபத்து ஆபத்துன்னு விடாம சத்தம் போட்டுட்டு. அதைக் கேட்டு வெள்ளை அணுவெல்லாம் ஓடி வந்து கண்டதையும் அடிச்சு நொறுக்கிட்டு. அதான் உள்ள நீர் கோத்திருக்கு."

மாமனார் தலையாட்டிவிட்டு நேரே ரிசப்ஷனுக்குப் போனார். அங்கே டோக்கன் கூப்பிடும் பெண் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை என் கணவர் பிறகு சொன்னார்.

"ஏம்மா, நீ போட்ட சத்தத்துலதான் எம் மருமவளுக்கு நெஞ்சுல தண்ணி கோத்திருக்காம். டாக்டரே சொல்லுதாரு."

அவள் மறுத்துப் பேசுவாள் என்று என் கணவர் நினைத்தார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"காலையில கூட்டம் ஜாஸ்தி ஐயா. கொஞ்சம் கத்திட்டேன். இனிமே கத்தலை."

அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. விரலால் ஜாடை காட்டினாள். யார் முறை என்று தெரியாமல் நாலைந்து நோயாளிகள் ஒன்றாக டாக்டர் அறைக்குள் நுழைந்தார்கள். குருவிகுளத்துக்காரர் ஒருவர் அடுத்தவருடைய ஊசிக்குக் கையை நீட்டிவிட்டார். டாக்டர் வெளியே வந்தார்.

"ஏம்மா பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேங்குற?"

"என் சத்தம் அந்த அக்காவுக்கு ஆகாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்களாம்."

டாக்டர் மாமனாரை என் கட்டிலருகே கூட்டிவந்து, தான் சொன்னது ரிசப்ஷன் இல்லை, ரிசெப்டர், அது என் நுரையீரல் செல்லிலேயே இருப்பது என்று காதருகே குனிந்து சொன்னார்.

"அப்ப அதைப் புடுங்கி எறிஞ்சிருங்க."

"எறிஞ்சா, நாளைக்குக் கிருமி வந்தா யாரு ஆள் கூப்பிடுவா? அதுவா அடங்கணும் ஐயா. அதுவரைக்கும் ஆக்சிஜன் குடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான்."

மாமனார் என்னைப் பார்த்துக் கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "மக்கா, அதைக் கொஞ்சம் அடங்கிப் போகச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு கிழிந்தது. நர்ஸ் எல்லோரையும் வெளியே அனுப்பினாள்.

நீர் மெல்ல வற்றியது. வீட்டுக்குக் கிளம்பிய அன்று மாமனார் அந்தப் பெண்ணிடம் ஒரு முழம் பிச்சிப்பூவை நீட்டினார்.

"மருமவ குடுக்கச் சொன்னா."

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டிவைத்தேன்.