மாதம்மாள் வீட்டு இரைச்சல்

பாப்பாரப்பட்டியில் புளி தட்டுகிற பெண்களுக்குள் மாதம்மாள் வாய்க்குப் பேர் போனவள். புளி மண்டியில் யாருக்காவது எடையைக் குறைத்துப் போட்டால் முதலில் எழுகிற குரல் அவளுடையதாகத்தான் இருக்கும். கணவன் மாது பெங்களூரில் கட்டட வேலை பார்த்தான். பண்டிகைக்கு வந்து பண்டிகை முடிந்ததும் போய்விடுவான். மகன் சிலம்பரசனையும் மகள் சோபனாவையும் வளர்த்து ஆளாக்கியது அவள்தான்.

தை பிறந்தால் புளி வந்துவிடும். மற்ற பெண்கள் மண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து வேலை செய்வார்கள். மாதம்மாள் மூட்டையை வீட்டுக்கே கொண்டுவந்து முன்னறையில் கொட்டிக்கொள்வாள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கட்டையால் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். கல்லூரி விட்டு வந்ததும் சோபனாவும் கூட உட்காருவாள். சிலம்பரசன் மட்டும் உட்கார மாட்டான். அதே அறையின் மூலையில் அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

அவன் தருமபுரியில் ஒரு செல்போன் கடையில் வேலை செய்தான். கேம் விளையாடுவதற்கென்றே அந்தக் கம்ப்யூட்டரை ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்து அவனே பூட்டியிருந்தான். அதில் கேமின் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டு. இரண்டாவதை, அப்பாவைப் பார்க்க பெங்களூர் போனபோது பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து வந்தான்.

"ஒண்ணு நல்லாத்தானே இருக்குது, இன்னொண்ணு எதுக்குடா?" என்று மாதம்மாள் கேட்டாள்.

"ஒத்த மாட்ட வெச்சி ஏர் ஓட்டுவாங்களாம்மா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குமேல் திட்ட முடியவில்லை.

இரண்டு கார்டுகளும் சேர்ந்து ஓடினால், சூட்டைத் தணிக்கிற விசிறிகளின் சத்தத்தில் அறையே இரையும். டிவியில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. அவனோ காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. "ரைஸ்மில்லுக்குப் பக்கத்துல குடியிருக்கிற மாதிரி இருக்குது" என்று அவள் தினமும் சொல்வாள். ஆனால் நாளடைவில் அந்தச் சத்தத்தை வைத்தே அவளுக்கு எல்லாம் புரிந்தது. அடுப்படியில் இருக்கும்போது இரைச்சல் ஏறினால் ஆட்டம் சூடு பிடித்திருக்கிறது. தணிந்தால் தட்டில் சோறு போடலாம், வந்துவிடுவான்.

ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு கடைக்குப் போனான். பிறகு எழுந்திருக்க முடியாமல் படுத்தான். டெங்கு என்றார்கள். தருமபுரியிலிருந்து சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் மாதம்மாள் ஈரத்துணியை அவன் நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டாள். போட்ட துணி போட்டவுடனே சூடாகிவிட்டது. சேலத்திலிருந்து அவனை உயிரோடு கூட்டிவர முடியவில்லை. அவனுக்கு இருபத்தைந்து வயது.

அவனை எடுத்த அன்று ஊர்ப் பெண்கள் எல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மாதம்மாள் அழவில்லை. யாரோ வீட்டுச் சாவுக்கு வந்தவள் போலச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அழுதுடு ஆத்தா, உள்ளயே வெச்சிக்காத" என்று பெண்கள் அவளைப் பிடித்து உலுக்கினார்கள். அவள் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்ததும் மாது பெங்களூருக்குத் திரும்பிப் போனான். சில நாள் கழித்து, சோபனா கல்லூரியிலிருந்து வரும்போது தெருவிலேயே அந்த இரைச்சல் கேட்டது. அண்ணன் உள்ளே இருக்கிறான் என்றே ஒரு கணம் நினைத்துவிட்டாள். உள்ளே போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அவன் வழக்கமாக விளையாடும் கேமின் முகப்பு. பனிமலை உச்சியில் ஒரு போர்வீரன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் போர்வை காற்றில் அடித்துக்கொள்கிறது. ஆட ஆளில்லாமல் அவன் நின்றுகொண்டே இருந்தான். பக்கத்தில் மாதம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா போட்டே?"

"இருந்துட்டுப் போவுது. வூடு வெறிச்சுன்னு கெடக்குது."

எப்படிப் போடுவது என்று மகன் செய்வதைப் பார்த்துப் பார்த்தே அவள் தெரிந்துவைத்திருந்தாள். அன்று முதல் காலையில் போடுவாள், படுக்கும்போது அணைப்பாள். அந்தச் சத்தத்தில் வேலை செய்தாள், சாப்பிட்டாள், பக்கத்து வீட்டுக்காரியோடு மறுபடி பேசத் தொடங்கினாள். அம்மா கொஞ்சம் தேறிவிட்டாள் என்று சோபனா நினைத்தாள்.

பங்குனி பிறந்ததும் சிமெண்டு ஷீட்டுக் கூரைக்குக் கீழே அறை அடுப்பாகக் காய்ந்தது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் இரைச்சல் ஏறிக்கொண்டே போய் சட்டென்று அறுந்தது. திரை கறுத்துவிட்டது. மாதம்மாள் கையிலிருந்த புளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சோபனா, கொதிக்குதுடி."

சேலம் ஆஸ்பத்திரியில் சோபனா பார்த்த அம்மாவின் அதே முகம். மாதம்மாள் உள்ளே போய் துணியை நனைத்து எடுத்துவந்தாள். சோபனா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி படக்கூடாதும்மா. உள்ள எரிஞ்சி போயிடும்."

மேசை விசிறியைத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். மறுநாளும் அப்படித்தான் நின்றது. அதற்கடுத்த நாளும். மத்தியானமானால் மாதம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. எப்போது நிற்குமோ என்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோபனா வேறு வழி தெரியாமல் அருண்குமாருக்குப் போன் செய்தாள்.

அருண்குமார் சிலம்பரசனின் கூட்டாளி. தருமபுரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை செய்பவன். எடுத்த அன்று வந்தவன், அதன் பிறகு இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

"உள்ள வா கண்ணு" என்று மாதம்மாள் கூப்பிட்ட பிறகுதான் வந்தான்.

மர அலமாரிக்குள் சுவரோடு ஒட்டிக் கிடந்த பெட்டியை வெளியே இழுத்து, பக்கத்து மூடியைத் திறந்தான். உள்ளே புளிநாரும் ஓட்டுத் தூளும் பிசுக்கோடு சேர்ந்து கம்பளி மாதிரிப் படிந்திருந்தது.

"ரெண்டு கார்டும் ஒட்டி ஒட்டி இருக்குதுங்கம்மா. கீழ இருக்கிறது விடுற சூட்டையே மேல இருக்கிறது இழுத்துக்குது. முன்னாடி கண்ணாடி, வெளிக்காத்து உள்ள வர வழியில்ல." முன்பக்க விசிறிகளைச் சுற்றிவிட்டுப் பார்த்தவன் லேசாகச் சிரித்தான். "இதத் திருப்பி மாட்டிட்டான். உள்ள இழுக்க வேண்டியது வெளிய தள்ளிட்டிருக்குது."

"அவனுக்குத் தெரியலையா கண்ணு?"

"தெரியும்மா. நான் சொன்னேன். அடுத்த வாரம் வா, சேர்ந்து மாத்தலாம்னு சொல்லிட்டே இருந்தான்." அதோடு அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

பிரஷ்ஷால் எல்லாவற்றையும் துடைத்தான். முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கொசுவலைக் கம்பியை அளவாக வெட்டிப் பொருத்தினான். விசிறிகளைத் திருப்பி மாட்டினான். கீழ்க் கார்டை அடியிலிருந்த இடத்துக்கு மாற்றி நடுவில் இடைவெளி விட்டான். பக்கத்து மூடியில் வட்டமாக ஓட்டை போட்டு, கையோடு கொண்டுவந்த ஒரு விசிறியை அந்த இடைவெளியைப் பார்த்து வைத்தான். பின்னாலும் மேலேயும் இருந்த விசிறிகள் சூட்டை வெளியே தள்ளும். வயர்களை ஓரமாக இழுத்துக் கட்டினான்.

ஓடவிட்டுப் பார்க்கும்போது, சிலம்பரசன் படத்துக்கு முன்னால் இருந்த பாக்கெட்டிலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கேட்டு வாங்கிக் கொளுத்தினான். முன்பக்க வலைக்கு நேராகப் பிடித்ததும் புகை நூலாக இழுபட்டு உள்ளே போய், கார்டுகளைத் தாண்டிப் பின்பக்கம் வெளியேறியது. சோபனா வியப்போடு பார்த்தாள். "காத்துக்கு இப்பத்தான் வழி கெடைச்சிருக்குது" என்றான் அருண்குமார். தொண்ணூறு டிகிரிக்குப் போய் நின்ற கார்டு இப்போது எழுபதைத் தாண்டவில்லை.

மாதம்மாள் டீ போட்டு எடுத்துவந்தாள்.

"இன்னும் போடலையா?"

"போட்டு ரொம்ப நேரமாச்சுங்கம்மா. ஓடிட்டுத்தான் இருக்குது."

அவள் திரையைப் பார்த்தாள். வீரன் நின்றுகொண்டிருந்தான். டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தாள்.

"சத்தமே இல்லையே."

"சூடு இல்லீங்களா, அதான் விசிறி மெதுவா சுத்துது. இனிமே வெயில் காலத்துலகூட நிக்காது."

அவள் காதை எடுக்காமல் குனிந்தே இருந்தாள். அப்போதுதான் சோபனாவுக்குப் புரிந்தது. அருண்குமாரைத் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். அவன் முகம் வாடிவிட்டது. திரும்பி வந்து ஏதோ தட்டி, விசிறிகளை முழு வேகத்தில் சுற்ற வைத்தான். சத்தம் வந்தது. ஏறாமலும் தணியாமலும் ஒரே நிலையில் கீச்சென்று வந்தது.

"இது இல்ல கண்ணு" என்றாள் மாதம்மாள்.

"பழையபடியே மாத்திடறங்கம்மா." அவன் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்தான்.

"வேண்டாம். மறுபடி கொதிக்கும். அத என்னால பாக்க முடியாது."

அவன் கையிலிருந்ததை வாங்கித் தரையில் வைத்தாள். பிறகு புளிக்குவியலின் ஓரமாக உட்கார்ந்தாள். முதலில் இருமுவது போலத்தான் இருந்தது. அப்புறம் குரல் உடைந்து வெளியே வந்தது. மகன் போன ஐப்பசியிலிருந்து பங்குனி வரை அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. "என் சாமி, என் சாமி" என்று தரையை அறைந்து அழுதாள். சோபனா அவளைக் கட்டிக்கொண்டாள். அருண்குமார் டீயைத் தொடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். தெருப் பெண்கள் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவளே எழுந்துபோய்க் கம்ப்யூட்டரை அணைத்தாள். மறுநாள் போடவில்லை. சோபனா போடட்டுமா என்று கேட்டதற்கு, "உனக்கு ஏதாச்சும் படிக்கணும்னா போட்டுக்கோ" என்றாள்.

அந்த வாரத்திலிருந்து மாதம்மாள் புளியை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. காலையில் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு மண்டிக் கொட்டகைக்குப் போய்விடுகிறாள். அங்கே இருபது பெண்களின் பேச்சும் கட்டைச் சத்தமும் பொழுது சாயும்வரை ஓயாது. எடை குறைந்தால் இப்போதும் கேட்கிறாள். வேலை முடிந்து மற்றவர்கள் வீட்டைப் பார்த்து வேகமாக நடக்கும்போது, அவள் மட்டும் யாருக்காவது மூட்டை கட்டிக் கொடுத்துக்கொண்டு, கொட்டகையைப் பெருக்கிக்கொண்டு, கடைசியாகத்தான் கிளம்புகிறாள்.