பொட்டு வைத்த கேமரா

கொட்டாம்பட்டி தாண்டி, திருச்சி ரோட்டில் ஒரு பெட்டைமான் செத்துக் கிடந்தது. லாரி அடித்திருந்தது. வயிற்றில் குட்டி. ரேஞ்சர் ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மலையில் தண்ணீர் வற்றிவிட்ட கோடை அது. கிணறும் வயலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம். தாகத்தில் மான்கள் ரோட்டைத் தாண்டின, அடிபட்டன. ஐயாவோடு நின்றது நானும் ஜீப் டிரைவர் அண்ணனும். நான் வனத்துறையில் வாட்சர், காட்டுக் காவல் வேலை. படிப்பு அதிகம் கிடையாது.

காட்டுக்குள் தண்ணீர்த் தொட்டி கட்ட ஐயா மேலிடத்தில் கேட்டார். ஒரே தொட்டிக்குத்தான் அனுமதி வந்தது. மான் நடக்காத இடத்தில் கட்டினால் வீண். தடத்தில் போய் உட்கார்ந்து பார்க்கவும் முடியாது. நம் வாடை பட்டால் தடத்தையே மாற்றிவிடும். அதற்காக ஒரு கேமரா வரவழைத்தார். தகரப் பெட்டிக்குள் வைத்து மரத்தில் கட்டினால், எதிரே அசைவதைத் தானே படம் எடுக்கும். ஃபிலிம் ரோல் போட்ட காலம். பீடி, பவுடர், வாசனைச் சோப்பு எல்லாம் விட்டோம். அவர் சொல்லவில்லை. முதலில் அவர் விட்டார்.

கேமராவைக் கட்டிவிட்டுத் திரும்பும்போது டிரைவர் அண்ணன்தான் கடைசியாக வந்தார். புதுசு எது வந்தாலும் பொட்டு வைக்கிற கை. பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து ஒரு முழம் மல்லிகையைச் சுற்றிவிட்டார். முன்னால் போன நாங்கள் பார்க்கவில்லை.

மதுரையில் ரோலைக் கழுவினால் ஒரு மான்கூட இல்லை. விறகு பொறுக்க வந்தவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் கும்பிட்டு நிற்கிறார்கள். ஒருத்தர் தேங்காய் உடைக்கிறார். மர நிழலில் பெட்டி பளிச்சென்று மின்னியதும், சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. ஸ்டுடியோக்காரர் எந்த ஊர்த் திருவிழா என்று கேட்டார்.

டிரைவர் அண்ணன் தலையைத் தொங்கப் போட்டார். ஐயா சௌராஷ்டிரக்காரர், கோபம் வந்தால் வீட்டுப் பாஷையில்தான் திட்டுவார். அன்று அதுவும் இல்லை. படங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து டிரைவரிடம் சொன்னார்.

"அண்ணே, சாமி அங்கனயே இருக்கட்டும். கேமராவ மட்டும் கழட்டிட்டு வாங்க. சனம் அங்கிட்டுப் போகட்டும், மான் இங்கிட்டு வரட்டும்."

மலையின் மறு சரிவில் வேறு பெட்டியில் கட்டினோம். மின்னுகிற விளக்கை அணைத்துவிட்டோம். விடியல் வெளிச்சம் போதும் என்றார். மான்கள் நிழலில் படுத்துக் கிடக்கிற உச்சி வெயிலில், காற்றுக்கு எதிராக, ஒருத்தன் மட்டும் போய் ரோலை மாற்றுவோம். முதல் ரோலில் கீரி. அடுத்ததில் வெறும் இலை. அதற்குள் ரோட்டில் இன்னொரு மான் அடிபட்டுச் செத்தது. ஐயா புது ரோலை என் கையில் வைத்தார்.

அதில் வந்தன. விடிகாலையில், ஒன்றன்பின் ஒன்றாக. ஐயா படத்தை என்னிடம் நீட்டினார்.

"காதப் பாத்தியா? ஒண்ணுகூட வெறைக்கல. நம்ம வந்து போனது அதுகளுக்குத் தெரியாது."

தொட்டி அங்கேதான் கட்டினோம்.

ஐயா ரிட்டயராகி ஆனையூரில் இருக்கிறார். கோடை பிறந்தால் போன் வரும். நலம் விசாரிக்க மாட்டார்.

"தண்ணி விட்டாச்சா?"

போன வருஷம் டேங்கர் வரவில்லை. சைக்கிளில் குடங்களைக் கட்டி நானே கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பாதி வழியில் போன் அடித்தது. சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு எடுத்தேன்.

"விட்டாச்சுங்கய்யா" என்றேன். வைத்துவிட்டார். நான் சைக்கிளைத் தள்ளினேன்.